ஸர் வில்லியம் பேர்பேர்ன்

கட்டடம் இடிந்து வீழ்ந்து மக்கள் மாண்டனர் என்னுஞ் செய்தியைக் கேட்குங்கால் நம்மனோர் பெரும்பாலும் விதியின்மேற் பழியேற்றி அமைவர். சிலர் கொத்தனைத் தூற்றுவர். சிலர் மழையை நோவர். சில நாட்களில் கற்குவியலை அப்புறப்படுத்திவிட்டு, அதே இடத்தில் அதே வகையான கட்டடம் எழும்பக் காண்பர். வீழ்ந்து கிடக்குங் கல்லையும் முறிந்த இரும்பையும் ஏடாகக் கொண்டு படித்து, இஃது இன்ன இடத்தில் இன்ன காரணத்தான் முறிந்தது என்று கூறுவார் ஒருவர் வேண்டும். அங்ஙனம் கூறுதலை ஊகத்தினின்று பிரித்து, அளவையாலும் சோதனையாலும் நிலைநாட்டியவருள் முற்பட்டவர் ஸர் வில்லியம் பேர்பேர்ன் என்னும் ஸ்காட்லாந்துப் பெரியார் ஆவர். இலக்கியம் பயிலும் நாம் எஞ்ஜினீயர் ஒருவரின் சரிதம் எழுதப் புகுந்தது சிலர்க்கு வியப்பளிக்கலாம். சிதைந்த சுவடியை நோக்கி, எங்குச் சீர் பிறழ்ந்தது, எதனாற் பிறழ்ந்தது என ஆராயும் முயற்சிக்கும் அவர் செய்த தொழிலுக்கும் அத்துணைத் தொலைவில்லை என்பது நம் கருத்து.

அவர் 1789-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19-ஆம் நாள், ட்வீட் ஆற்றங்கரையிலுள்ள கெல்ஸோ என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஆண்ட்ரூ பேர்பேர்ன் பிறர் நிலத்தில் உழைத்து வாழ்ந்த எளியவர். ஆகவே மைந்தர்க்குப் பள்ளிக்கல்வி சிறிதே கிட்டியது. 14-ஆம் வயதில், ஜான் ரென்னி என்னும் புகழ்பெற்ற எஞ்ஜினீயர் அவ்வூரில் அமைத்துக்கொண்டிருந்த பாலத்திற் கூலிவேலைக்கு அமர்ந்தார். சில நாட்களுக்குள்ளாகவே கல்லொன்று காலின்மேல் விழ, படுகாயமுற்று வேலையை விட நேர்ந்தது. பிற்காலத்திற் பாலங்களாற் பெரும்பெயர் பெறவிருந்தவர்க்குப் பாலம் அளித்த முதற் பரிசில் அதுவேயாகும்.

பின்னர்க் குடும்பத்தார் இங்கிலாந்தின் வடபாலுள்ள நிலக்கரிச் சுரங்க நாட்டிற்குக் குடிபெயர்ந்தனர். 1804-ஆம் ஆண்டில் பெர்ஸி மெயின் என்னுஞ் சுரங்கத்தில் ஆலைத்தச்சர் ஒருவரிடம் இவர் 7 ஆண்டு பயிற்சிக்கு விடப்பட்டார். அக்காலத்து ஆலைத்தச்சர் என்பவர் மரவேலையும் இரும்புவேலையும் ஒருங்கே அறிந்தவர். நீர்ச்சக்கரம், காற்றாடி, பற்சக்கரம் ஆகியவற்றைத் தாமே அளந்து, தாமே வரைந்து, தாமே அமைக்க வல்லவர். பகலெல்லாம் இவ்வேலையில் உழன்ற இளைஞர், இரவிற் கற்றற்கு ஓர் ஒழுங்கு வகுத்துக்கொண்டார். ஒருநாள் எண்கணிதம், ஒருநாள் சரித்திரமும் செய்யுளும், ஒருநாள் யூக்ளிடின் க்ஷேத்திர கணிதம் என இவ்வாறு வாரத்தின் மாலைகளைப் பங்கிட்டு, களிப்பிற்கும் இடம் விட்டு வைத்தார். நார்த் ஷீல்ட்ஸ் நகரத்து நூல்நிலையம் ஒன்றே அவர்க்குக் கலாசாலையாயிற்று. நம்முள் விடுதியில் விளக்கும் மேசையும் பெற்றிருந்தும் இரவு 8 மணிக்கே கொட்டாவி விடுவோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அக்காலத்தில் அவர்க்கு வாய்த்த நண்பர், பின்னர் இருப்புப்பாதையின் தந்தையெனப் போற்றப்பட்ட ஜார்ஜ் ஸ்டீவன்ஸன் ஆவர். இருவரும் வறியர். ஸ்டீவன்ஸன் இயந்திரக் காவலராயிருந்தார். கப்பல்களினின்று சுமைமண் வாரி இறக்கிச் சில காசு மிகுதியாய் ஈட்ட அவர் செல்லும்போது, பேர்பேர்ன் அவருக்காக இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வாராம். இந்நண்பரின் மைந்தரோடு பேர்பேர்ன் முரண்படுங்காலம் பின்னர் வந்தது.

1811-இல் பயிற்சி முடிந்து இலண்டன் சென்றார். ரென்னி வேலை தர இசைந்தும், ஆலைத்தச்சர் சங்கத்தார் அயலானாகிய இவரைத் தம்முள் சேர்த்துக்கொள்ள மறுத்தனர். அவர்கள் இசைவின்றி அந்நகரில் வேலை செய்தல் இயலாதாயிற்று. கையிற் பொருளின்றி ஊரூராய் நடந்தார். ஒரு காற்றாடி ஆலையிற் சில நாள் வேலை. இறைச்சிக் கடைக்காரர் ஒருவர்க்கு இறைச்சி கொத்தும் கருவி செய்து கொடுத்துப் பெற்ற கூலி. டப்ளின் நகரில் ஆணி செய்யும் இயந்திரம். இங்ஙனம் அலைந்து, 1813-இல் மான்செஸ்டர் நகரையடைந்தார். பஞ்சாலைகள் மழைக்காலத்துக் காளான்போல் எழும்பிக்கொண்டிருந்த நகரம் அது.

1816-இல் டாரதி மார் என்னும் நங்கையை மணந்தார். மறு ஆண்டு ஜேம்ஸ் லில்லி என்னும் நண்பரோடு கூட்டுச் சேர்ந்து, வாரத்திற்கு 12 ஷில்லிங் வாடகைக்கு ஒரு கொட்டகை பிடித்துத் தொழில் தொடங்கினார். கடைசல் இயந்திரத்தைத் தாமே செய்துகொண்டனர்; அதனைச் சுழற்ற நீராவியில்லை; வலிய ஐரிஷ்காரர் ஒருவரின் தோளே இயந்திரமாயிற்று. அக்காலத்து ஆலைகளில் இயந்திரங்கட்கு விசையைக் கொண்டுசெல்லும் அச்சுத்தண்டுகள் மிகப் பருத்து, மெல்லச் சுழன்று, விசையிற் பெரும்பகுதியைத் தாமே விழுங்கின. பேர்பேர்ன் அவற்றை மெலிதாக்கி விரைந்து சுழலுமாறு அமைத்தார். இஃது எளிய மாறுதலே. ஆயினும் ஆலைமுதலாளிகள் அவர் கொட்டகையைத் தேடிவரலாயினர். ஸ்காட்லாந்தில் காட்ரின் என்னும் ஊரில் அவர் நிறுவிய நீர்ச்சக்கரங்கள் 50 அடி விட்டமுடையன. 1832-இல் லில்லி பிரிந்து சென்றார். அதன்பின் பேர்பேர்ன் இரும்புக் கப்பலும் கட்டினார்; தேம்ஸ் நதிக்கரை மில்வாலில் 1835-இல் தொடங்கிய அத்தொழில் பெருநட்டத்தில் முடிந்ததாகலின் அதனை விரித்தல் வேண்டா. 1837-இல் கொதிகலத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது தறையாணி அடிக்கும் இயந்திரத்தை இயற்றி அவர்களின்றியே வேலையை முடித்தார். சங்கத்தாரால் ஒருகால் துரத்தப்பட்டவர் சங்கத்தாரை இவ்வாறு வென்றார் என்க. அவ்வெற்றியை நாம் முழுதும் பாராட்டவும் இயலவில்லை. சம்மட்டி பிடித்த கைகளுக்கு அவர் என்ன வழி காட்டினார் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

இனி நாம் எடுத்துக்கொண்ட பொருளின் நடுவிடத்திற்கு வருவோம். பழைய பஞ்சாலைகளில் தளமும் உத்திரமும் மரத்தாலாயவை. எண்ணெய் ஊறிய பலகை, காற்றிற் பறக்கும் பஞ்சுத்தூள், எரியும் விளக்கு ஆகிய மூன்றுங் கூடின் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அதனால் வார்ப்பிரும்புத் தூண், வார்ப்பிரும்பு உத்திரம், உத்திரங்களின் இடையே செங்கல் வளைவு என்னும் புதுமுறை தோன்றிற்று. இவற்றைத் தீயணுகா ஆலைகள் என்றனர். தீ அணுகவில்லை; பிறிதொரு கூற்றம் அணுகிற்று.

பலகையொன்றை இருமுனையுந் தாங்கி நடுவிற் பாரம் ஏற்றினால், மேற்புறம் நெருக்குண்ணும்; கீழ்ப்புறம் இழுபடும். வார்ப்பிரும்போ நெருக்குதலை மிகத் தாங்கும். இழுப்பிற்கு எளிதில் உடையும். இரண்டிற்குமிடையே ஏறத்தாழ 6 மடங்கு வேற்றுமை உண்டு. ஆதலின் உத்திரத்தின் கீழ்விளிம்பு மேல்விளிம்பினும் அத்துணை மடங்கு பருத்திருத்தல் வேண்டும் என்பதை ஈட்டன் ஹாட்ஜ்கின்ஸன் என்னுங் கணித அறிஞர் 1830-ஐ அடுத்த ஆண்டுகளிற் கண்டார். அச்சோதனைகட்கு இடமும் இரும்பும் ஆளும் தந்து உதவியவர் பேர்பேர்னே. ஒருவர் கணக்கறிவார், மற்றவர் இரும்பறிவார். இருவருங் கூடிய பின்னரே உத்திரம் தன் உண்மை வடிவத்தைப் பெற்றது. ஆயினும் உண்மை அச்சேறினால் மட்டும் போதுமோ? கட்டடம் வகுப்போர் பலர் பழைய வடிவத்தையே, கண் மதிப்பாலேயே வார்ப்பித்து வந்தனர்.

1844-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 31-ஆம் நாள், மான்செஸ்டருக்கு அணித்தாயுள்ள ஓல்டம் நகரில் ராட்கிளிப் என்பாரின் பஞ்சாலை இடிந்து வீழ்ந்தது. 20 பேர் உயிரிழந்தனர். காரணம் ஆராயும் பொறுப்பு பேர்பேர்னிடமும், டேவிட் பெல்ஹவுஸ் என்னுங் கட்டடத்தொழில் வல்லாரிடமும் வந்தது. அரசாங்கத்தாரும் ஹென்றி டி லா பீச் என்னும் நில நூலறிஞரையும் தாமஸ் க்யூபிட் என்னும் புகழ்வாய்ந்த கட்டடக்காரரையும் தனியே அனுப்பினர். முறிந்த உத்திரங்களை அளந்து, அவற்றின் வலிமையையும் அவைமேல் நின்ற பாரத்தையும் ஒப்பிட்டு நோக்கினார் பேர்பேர்ன். உத்திரத்தின் வடிவே பிழைபட்டது. அதன் வலிமை பாரத்திற்குப் போதாது என்பது வெளிப்பட்டது.

இவ்வகை ஆலையில் ஓர் உத்திரம் முறிதலின் கொடுமையை வாசகர் நன்கு உணரவேண்டும். செங்கல் வளைவு தன்னிருபுறமுள்ள உத்திரங்களை எப்பொழுதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அடுத்த வளைவு எதிர்ப்புறத்தினின்று தள்ளுதலால் உத்திரம் நிலைபேறாக நிற்கும். ஓர் உத்திரம் உடைந்தால் அதன்மேல் ஊன்றிய இரு வளைவும் வீழும். வீழவே, அவற்றிற்கப்பாலுள்ள உத்திரங்கள் எதிர்தாங்கலின்றிப் புறஞ்சாயும். மேல்மாடி வீழின் அதன் பாரமெல்லாம் கீழ்மாடிமேல் மோதும். அது அதனைத் தாங்க வகுக்கப்பட்டதன்று. ஆதலின் ஓரிடத்துப் பிழை ஓரிடத்தோடு நில்லாது, கூரை முதல் அடித்தளம் வரை ஆலையையே கொண்டுபோகும். மரத்தளமோ முறியுமுன் வளையும், முனகும், ஆட்களை எச்சரிக்கும். வார்ப்பிரும்பு எச்சரிப்பதில்லை. தீக்கு அஞ்சி இரும்பை அடைக்கலம் புக்கவர் இரும்பால் மாண்டனர்.

அறிக்கையிற் பேர்பேர்ன் எவரையும் வசைபாடவில்லை. அவர் கை நீட்டிக் காட்டியது உத்திரத்தின் அளவை. ஆயினும் அவ்வளவே முதலாளிகட்கும் கட்டடம் வகுப்போர்க்கும் பெருங் கண்டனமாயிற்று. அளவு தவறென நாட்டப்பட்டால் அதை வகுத்தவர் விதியின் பின்னே ஒளிந்துகொள்ள இயலாதன்றோ? 1854-இல் கட்டடங்களில் வார்ப்பிரும்பையும் தேனிரும்பையும் கையாளும் முறைபற்றி அவர் ஒரு நூலே இயற்றினார்.

ஓல்டம் துயரம் நிகழ்ந்து 3 ஆண்டு நிரம்புமுன் மற்றொன்று நேர்ந்தது. ஜார்ஜ் ஸ்டீவன்ஸனின் மைந்தர் ராபர்ட் ஸ்டீவன்ஸன் செஸ்டர் நகரருகே டீ ஆற்றின்மேல் இருப்புப்பாதைப் பாலம் ஒன்று வகுத்திருந்தார். ஒவ்வொரு கண்ணும் 98 அடி அகலம். அத்துணை நீண்ட உத்திரத்தை ஒரே வார்ப்பாகச் செய்தல் அரிதாகலின், மும்மூன்று துண்டுகளாக வார்த்துப் பிணைத்து, பக்கங்களில் தேனிரும்புக் கம்பிகளால் இழுத்துக் கட்டியிருந்தனர். இருவகை இரும்பும் ஒருபடித்தாக நீளா; கம்பி பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் என நம்பியிருக்க, உத்திரமே முழுப்பாரமும் தாங்கிக்கொண்டிருக்கும். இம்முறை தகாது எனப் பேர்பேர்ன் முன்னரே கூறி ஸ்டீவன்ஸனை எச்சரித்திருந்தார் என்பர். 1847-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள், பாலத்தின் மரப்பலகைகளைத் தீப்பொறியினின்று காக்கவேண்டி அவற்றின்மேல் சரளைக்கல் பரப்பினர். அக்காப்பே மிகைப்பாரமாயிற்று. அன்று மாலை ரெயில் வண்டியொன்று செல்லும்போது உத்திரம் முறிந்தது, இயந்திரம் கரையேறிற்று, பின்வந்த வண்டிகள் ஆற்றில் வீழ்ந்தன, 5 பேர் மாண்டனர். வண்டி தடம்புரண்டு மோதியதாலேயே உத்திரம் முறிந்தது என ஸ்டீவன்ஸன் வாதித்தார். ஜூரர்கள் அதனை ஏற்கவில்லை. உத்திரம் வலிமை குறைந்தது என்றே முடிவு கூறி, நாடெங்குமுள்ள இத்தகைய பாலங்களை ஆராயுமாறு வேண்டினர். அதன் பயனாக அரச விசாரணைக்குழு ஒன்று நிறுவப்பட்டது.

இவ்விபத்து நிகழ்ந்த காலத்தில் பேர்பேர்னும் ராபர்ட் ஸ்டீவன்ஸனும் ஒரே பணியில் ஈடுபட்டிருந்தனர். வேல்ஸ் நாட்டில் கான்வி ஆற்றின் மேலும், மெனை ஜலசந்தியின் மேலும் ரெயில் செல்லப் பாலம் வேண்டியிருந்தது. ஜலசந்தியிற் பெருங்கண் ஒன்றின் அகலம் 460 அடி. தேனிரும்புத் தகடுகளாற் பெருங்குழாய் செய்து, அதனுள்ளேயே ரெயில் ஓடவிடலாம் என்பது ஸ்டீவன்ஸனின் எண்ணம். எண்ணத்தைப் பாலமாக்கும் சோதனைகளைப் பேர்பேர்ன் 1845 முதல் மில்வாலில் நடத்தினார். வட்டக்குழாய், முட்டைவடிவக் குழாய், நீள்சதுரக் குழாய் என வகைவகையாய்ச் செய்து முறியுமளவும் பாரமேற்றினார். அப்போது ஒரு புதுமை புலனாயிற்று. வார்ப்பிரும்பு கீழ்ப்புறம் கிழிந்து முறியும். தகட்டுக் குழாயோ மேற்புறம் நெளிந்து மடிந்து கெட்டது. ஆகவே நீள்சதுர வடிவைக் கொண்டு, மேற்பாகத்தைத் தேனடைபோல் அறை அறையாக அமைத்து வலிவூட்டினர். பின்னர் 75 அடி நீளத்தில், பாலத்தின் ஆறிலொரு பங்கு அளவான மாதிரி ஒன்றைச் செய்து, கெடுதலும் திருத்துதலுமாக மீண்டும் மீண்டும் சோதித்தனர். குழாய்க்குத் துணையாகச் சங்கிலிகளும் வேண்டும் என்ற ஐயம் ஸ்டீவன்ஸனுக்கு நெடுநாள் இருந்தது. குழாயே போதும் எனப் பேர்பேர்ன் உறுதியாய் நின்றார். சங்கிலி மாட்டாமலே பாலங்கள் நின்றன. சங்கிலிக்கென விட்ட துளைகள் மட்டும் கோபுரங்களில் வெறுமையாய் இருந்தன.

பாலம் நின்றது, நட்பு நிற்கவில்லை. புகழ் யார்க்கு உரியது என்னும் பூசல் எழுந்து, 1848-இல் பேர்பேர்ன் அப்பணியினின்று விலகினார். மறு ஆண்டில் தம் பங்கை விளக்கி நூலொன்றும் வெளியிட்டார். தந்தையின் இயந்திரத்தை ஒருகாலத்திற் காத்து நின்றவர் மைந்தரோடு இவ்வாறு வழக்கிட நேர்ந்தது வருந்தத்தக்கதே. நம் கருத்தில், எண்ணம் ஸ்டீவன்ஸனுடையது, உருவம் பேர்பேர்னுடையது, கணக்கிற் பெரும்பங்கு ஹாட்ஜ்கின்ஸனுடையது. மூவரில் மிகக் குறைவாகப் பேசப்படுபவர் ஹாட்ஜ்கின்ஸனே என்பதையும் குறித்தல் முறையாம்.

கட்டடங்களைப் போன்றே அக்காலத்து மக்களைக் கொன்றது நீராவிக் கொதிகலம். பேர்பேர்ன் 1844-இல், பக்கத்திற்கொன்றாக இரு தீக்குழாய்கள் அமைந்த கொதிகலத்திற்கு உரிமை பெற்றார். லங்காஷயர் பாய்லர் எனப் பெயர் பெற்ற அது நம் நாட்டு ஆலைகளிலும் நெடுங்காலம் புகைந்தது. கொதிகலம் வெடித்தால், உள்ளே ஏதோ வாயு தோன்றித் தீப்பற்றியது என்றும், அறியவொண்ணாத காரணம் என்றும் கூறி விசாரணையை முடித்துவிடுதல் வழக்கமாயிருந்தது. பேர்பேர்ன் இதை ஒப்பவில்லை. தகடு தாங்கவல்ல அளவையும் உள்ளே நின்ற அழுத்தத்தையும் கணக்கிட்டால் காரணம் தானே தெரியும் என்றார். உருளை வடிவக் கலத்தில், அதனைச் சுற்றி நிற்கும் இழுப்பு நெடுகநிற்கும் இழுப்பினும் இருமடங்காதலின், நெடும்பொருத்தே முதலிற் பிளக்கும் என்பதையும் விளக்கினார். கலங்களை அடிக்கடி சென்று பார்வையிட்டு வெடிப்பைத் தடுக்கும் பொருட்டு 1854-இல் மான்செஸ்டரில் ஒரு சங்கம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவருள் அவரும் ஒருவர். உள்ளே செல்லும் தீக்குழாய் புறத்தழுத்தத்தால் நசுங்குதலைப்பற்றி 1858-இல் செய்த சோதனைகளில், குழாய் நீள நீள அதன் வலிமை குறைகின்றது என்று கண்டார். அதுவரை நீளத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. இடையிடையே இரும்பு வளையம் பூட்டினால் நெடுங்குழாய் பல குறுங்குழாய்களின் வலிமை பெறும் என்பது அவர் கூறிய மருந்து.

அவர்தம் 70-ஆம் வயதிற்கு மேல் தொடங்கிய மற்றொரு சோதனை நம்மை மிகவுங் கவர்கின்றது. ஒரு முறை தாங்கிய பாரத்தை இரும்பு பல இலக்கம் முறை தாங்குமா? பாலத்தின்மேல் வண்டி நாள்தோறும் செல்கின்றது. ஒவ்வொருகாலும் உத்திரம் சிறிது தாழ்ந்து நிமிர்கின்றது. இதனை அறிய, தேனிரும்புத் தகட்டு உத்திரம் ஒன்றை நிறுத்தி, நீர்ச்சக்கரத்தின் விசையாற் பாரத்தை இரவும் பகலும் ஏற்றியும் இறக்கியும் வந்தார். முறிக்கவல்ல பாரத்தில் நாலிலொரு பங்கையும், பின்னர்ச் சிறிது கூட்டியும், 10 லட்சம் முறை ஏற்றியும் உத்திரம் ஊறுபடவில்லை. ஐந்தில் இரு பங்காக உயர்த்தியதும் 5,175 முறைகளில் முறிந்தது. முறிந்ததைச் செப்பனிட்டு மீண்டும் தொடங்கினார். நாலிலொரு பங்கை 30 லட்சம் முறை தாங்கிய அதே உத்திரம், மூன்றிலொரு பங்கு ஏற்றியபோது ஏறத்தாழ 3,13,000 முறைகளில் உடைந்தது. முறிக்கும் பாரத்தில் மூன்றிலொரு பங்குதானே என்று இறுமாந்திருப்போர்க்கு அவ்வெண்கள் நல்ல மறுமொழி. உலோகத்தின் களைப்பு எனப் பிற்காலத்தார் வழங்கும் ஆராய்ச்சிக்கு இது தொடக்கங்களுள் ஒன்று. 1864-இல் இதன் முடிவுகளை ராயல் ஸொஸைட்டியின் வெளியீட்டிற் பதிப்பித்தார்.

அச்சபை அவரை 1850-இல் உறுப்பினராக ஏற்று, 1860-இல் பதக்கமும் அளித்திருந்தது. 1861-இல் மான்செஸ்டரிற் கூடிய பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கத்திற்கு அவர் தலைமை வகித்தார். அவ்வாண்டு வந்த நைட் பட்டத்தை வேண்டாவென்றார். 1869-இல் பேரனெட் பட்டத்தை ஏற்றுக்கொண்டார். முன்னதை மறுத்துப் பின்னதை ஏற்றமைக்குக் காரணம் ஆராய்தல் நம் வேலையன்று.

1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18-ஆம் நாள், ஸர்ரேயிலுள்ள மூர் பார்க் என்னும் இல்லத்தில், 85-ஆம் வயதிற் காலமானார். உடல் மான்செஸ்டருக்கருகே பிரஸ்ட்விச்சில் அடக்கஞ் செய்யப்பட்டது. சவ ஊர்வலத்தைக் காணப் பல்லாயிரவர் தெருக்களில் நின்றனர். அவர் பகுதியாக எழுதி வைத்திருந்த சுயசரிதத்தை வில்லியம் போல் என்பவர் நிறைவுசெய்து 1877-இல் வெளியிட்டார். நகரமண்டபத்தில் அவர்க்குச் சிலையும் உண்டு. அவர் தொழிற்சாலை அவர் மறைந்த மறு ஆண்டே மூடப்பட்டது. மெனைப் பாலத்தின் குழாய்கள் 1970-இல் தீயாற் கெட்டு, பாலம் வேறுருவிற் கட்டப்பட்டது. கான்விக் குழாய்ப் பாலத்திற்கு 1899-இல் துணைத்தூண்கள் கொடுக்கப்பட்டன. அதனூடே ரெயில் இன்றும் செல்கின்றது.